அரிப்புக்குக் காரணம் உப்பா, பித்தநாளமா?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி போகிறவர்கள், மரக்காணம் வந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பாமல் இருக்க மாட்டார்கள். பாத்தி பாத்தியாக உப்பளம். வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். காருக்குள் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்குக் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். அதில் இறங்கி வேலை செய்கிறவர்களுக்கு மேலேயிருந்து ஒரு வெயில், கீழே உப்பில் பட்டுத் திரும்பி அடிக்கிற வெயில் இன்னொன்று!

இந்தப் பக்கத்துக்காரர்களிடம் உடம்பைப் பற்றிப் பேசினால் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். "கோடையில ஒண்ணுக்கு மஞ்சளாத்தாங்க போகும், சூடு!" என்பது ஒன்று. "உப்புத் தண்ணி பட்டா அரிக்கத்தானே செய்யும்?" என்பது இன்னொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களுக்கு வெயிலால் உடம்பில் நீர் வற்றுவதையும், அதனால் சிறுநீரகம் பாதிக்கப்படுவதையும் பற்றி சென்னை ஸ்ரீராமச்சந்திரா ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு 2023-ல் வெளிவந்திருக்கிறது. எனவே 'சூடு' என்பது வெறும் பாட்டி பேச்சு அல்ல.

ஆனால் மஞ்சள் சிறுநீர், விடாத அரிப்பு என்கிற இதே இரண்டு அடையாளங்களோடு வேறொரு நோயும் வரும். அதற்கும் உப்புக்கும் சம்பந்தமே கிடையாது. கல்லீரலிலிருந்து பித்தநீரைக் கொண்டுபோகும் நாளங்கள் மெல்ல மெல்ல அழன்று, தழும்பேறி, சுருங்கிப்போகிற நோய் அது. அரிதான நோய்தான். இருந்தாலும், எதற்கும் 'சூடு', 'உப்பு' என்று பதில் தயாராக இருக்கிற ஊரில் இது வருஷக்கணக்காக ஒளிந்துகொள்ள வசதி அதிகம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

எது சூடு, எது பித்தம்?

முதலில் சிறுநீர். தண்ணீர் போதாமல் நிறம் மாறியிருந்தால், நன்றாகத் தண்ணீரும் நீர்மோரும் குடித்த சில மணி நேரத்தில் நிறம் வெளுத்துவிடும். மறுநாளும் அப்படியே குடித்துப் பாருங்கள். அப்போதும் கட்டை டிகாக்‌ஷன் மாதிரி, கடுகெண்ணெய் மாதிரி போகிறதென்றால் அது சூடு அல்ல. இன்னொரு வழி: ஒரு வெள்ளைக் கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பிடித்து மூடிக் குலுக்குங்கள். சாதாரணச் சிறுநீரில் எழும் நுரை வெண்மையாக இருக்கும். பித்தநிறம் கலந்திருந்தால் நுரையே மஞ்சளாக எழும். உள்ளாடையில் மஞ்சள் கறை படிவதும் அதே அடையாளம். (பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சிறுநீர் பளிச்சென்ற மஞ்சளாகப் போகும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.)

அடுத்தது மலம். சொல்லக் கூச்சமாக இருக்கும், பார்க்க அதைவிடக் கூச்சமாக இருக்கும். ஆனாலும் பார்த்துத்தான் ஆகவேண்டும். மலத்துக்கு அந்தப் பழுப்பு நிறத்தைக் கொடுப்பதே பித்தநீர்தான். பித்தநீர் குடலுக்கு வந்து சேராவிட்டால் மலம் வெளுத்து, வெள்ளைக் களிமண் மாதிரி ஆகிவிடும். சிறுநீர் கறுத்து, மலம் வெளுத்தால் எங்கேயோ அடைப்பு என்று அர்த்தம். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

இனி அரிப்பு. உப்புத் தண்ணீரால் வரும் அரிப்பு, தண்ணீர் பட்ட இடத்தில் இருக்கும். கால் விரல் இடுக்கு, கணுக்கால், வெடித்த பாதம் என்று. நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் தடவினால் அடங்கும். சொறி சிரங்கு என்றால் விரல் இடுக்கில் சின்னச் சின்னக் கொப்புளம் தெரியும். வீட்டில் இன்னும் இரண்டு பேர் சொறிந்துகொண்டிருப்பார்கள். பித்தநீர் தேங்குவதால் வரும் அரிப்போ உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அதிகம். ராத்திரியில் அதிகம். தோலில் தடிப்பு, கொப்புளம் எதுவும் இருக்காது. சொறிந்து சொறிந்து விழுந்த நகக்கீறல் மட்டும்தான் இருக்கும். எந்தக் களிம்பு தடவினாலும் நிற்காது. ஏனென்றால் காரணம் தோலில் இல்லை.

கண்ணை விட்டுவிட்டேனே என்கிறீர்களா? கண்ணின் வெள்ளைப் பகுதியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், பல்பு வெளிச்சத்தில் வேண்டாம். ஆனால் ஒன்று, இந்த நோயில் கண் வெகுகாலம் வெள்ளையாகவே இருக்கும். மஞ்சள் தெரிகிறபோது நோய் பாதி தூரம் போயிருக்கலாம்.

ஒரு கணக்குப்பிள்ளையின் கதை

கற்பனையாக ஒருவரை வைத்துக்கொள்வோம். மரக்காணத்தில் ஓர் உப்பு வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறவர். வயது முப்பத்தாறு. பாத்தியில் இறங்குவதே இல்லை. நாற்காலி வேலை.

"என்னங்க, ராத்திரி பூரா காலைப் பாயில தேய்ச்சுக்கிட்டே இருக்கீங்க?" என்கிறார் மனைவி.

"உப்பு மூட்டைக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்கேன்ல, அதாம்மா."

முதலில் தேங்காயெண்ணெய். பிறகு கடையில் சொறிக்கு ஒரு லோஷன். பிறகு அலர்ஜி மாத்திரை. தூக்கம் வருகிறது, அரிப்பு போகவில்லை. ஐப்பசி பிறக்கிறது. மழையில் உப்பளமே மூடிவிட்டது. பாத்தியெல்லாம் மழைத் தண்ணீர். அரிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. அப்போதாவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? உப்பு இல்லாத மாதத்திலும் அரித்தால் அது உப்பு அரிப்பு எப்படி ஆகும்?

இதற்கிடையே அவருக்கு எப்போதாவது சளியும் ரத்தமும் கலந்து வயிற்றோட்டம் போகும். "மூலச்சூடு" என்று அதற்கும் ஒரு பெயர் வைத்தாகிவிட்டது. மாலையானால் அசதி. எடை நாலைந்து கிலோ இறங்கியிருக்கிறது. "இளைச்சா நல்லதுதானே!" என்று நண்பர்கள் பாராட்டுகிறார்கள்.

கடைசியில் ரத்தப் பரிசோதனை. பிலிருபின் 0.9. "மஞ்சள் காமாலை இல்லை" என்று ஆறுதலோடு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அதே தாளில் நாலு வரி கீழே அல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்று ஒன்று இருக்கிறது. சாதாரணமாகப் பெரியவர்களுக்குச் சுமார் 120, 130-க்குள் இருக்க வேண்டியது, இவருக்கு 480. அதை யாரும் பார்க்கவில்லை.

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் அந்த வரியை வைத்துக்கொள்ளுங்கள். பித்தநாளம் பாதிக்கப்பட்டால் முதலில் ஏறுவது பெரும்பாலும் பிலிருபின் அல்ல, அல்கலைன் பாஸ்பேட்டேஸ். வளரும் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது இயல்பாகவே கூடுதலாக இருக்கும். எலும்பு நோயிலும் ஏறும். எங்கிருந்து ஏறுகிறது என்று பிரித்துப் பார்க்க 'ஜி.ஜி.டி.' என்ற இன்னொரு பரிசோதனை உண்டு. அதுவும் கூடியிருந்தால் விரல் ஈரல் பக்கம் நீள்கிறது என்று பொருள். ஆறு மாதமாக ஏறியே இருக்கும் இந்த எண்ணை "பரவாயில்லை, கொஞ்சம்தானே" என்று விட்டுவிடக் கூடாது.

அது என்ன நோய்?

பித்தம் என்றதும் வாத, பித்த, கபத்தில் வரும் பித்தத்தையும், காலையில் தலை சுற்றினால் "பித்தம் தலைக்கேறிடுச்சு" என்கிறோமே, அதையும் நினைக்காதீர்கள். இங்கே பித்தம் என்பது ஈரல் சுரக்கிற பச்சை மஞ்சள் நிறத் தண்ணீர். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் சுரக்கிறது. சின்னச் சின்ன வாய்க்கால்கள் சேர்ந்து பெரிய வாய்க்காலாகி ஓடுகிற மாதிரி, ஈரலுக்குள் இருக்கும் மயிரிழை நாளங்கள் ஒன்றுசேர்ந்து, ஒரு பொது நாளமாகிக் குடலில் விழுகின்றன. நடுவில் பக்கவாட்டில் தொங்குகிற தொட்டிதான் பித்தப்பை.

இந்த நாளங்களின் சுவர் காரணம் தெரியாமல் அழன்று, ஆறி, மறுபடி அழன்று தழும்பாகிறது. தழும்பான இடம் சுருங்குகிறது. அதற்குப் பின்னால் தேங்கும் பித்தநீரால் அடுத்த இடம் புடைக்கிறது. சுருக்கம், புடைப்பு, சுருக்கம், புடைப்பு... படம் எடுத்துப் பார்த்தால் நூலில் கோத்த மணிமாலை மாதிரி தெரியும். தேங்கிய பித்தநீர் ஈரலையே அரிக்கத் தொடங்குகிறது. பல ஆண்டுகளில் ஈரல் இறுகிச் சுருங்கி 'சிரோஸிஸ்' ஆகலாம்.

இதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் பிரைமரி ஸ்க்ளீரோசிங் கோலாஞ்சைட்டிஸ். சுருக்கமாக பி.எஸ்.சி. (காலேஜில் படித்து வாங்குகிற பட்டம் அல்ல, சாமி!) பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம். முப்பது, நாற்பது வயதில் கண்டுபிடிக்கப்படுவது வழக்கம். குழந்தைகளுக்கும் வரலாம்.

இதற்கும் பெருங்குடலுக்கும் விசித்திரமான உறவு ஒன்று உண்டு. மேல்நாடுகளில் இந்த நோய் உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு, 'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்' போன்ற குடல் அழற்சியும் சேர்ந்தே இருக்கிறது. நம் பக்கத்தில் அந்த விகிதம் குறைவு. நம் கணக்குப்பிள்ளையின் 'மூலச்சூடு' ஞாபகம் வருகிறதா? மலத்தில் ரத்தம் போனால், அது மூலம்தான் என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது.

ஏன் வருகிறது என்று முழுசாகத் தெரியவில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் நாளத்தையே தாக்குகிறது என்பது இப்போதைய கணிப்பு. எதனால் வரவில்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். உப்பளத்தில் வேலை செய்வதால் வரவில்லை. கருவாடு தின்றதால் வரவில்லை. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், பிள்ளையைக் கொஞ்சலாம்.

சாராயத்தாலும் வரவில்லை. இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் பல உயிர்களைக் குடித்தது. அதற்குப் பிறகு இந்தப் பக்கத்தில் "ஈரல் கெட்டுடுச்சாம்" என்றாலே, கேட்கிறவர் மனசு ஒரே இடத்துக்குத்தான் போகிறது. வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாதவருக்கும் இந்த நோய் வரும். வேலை பார்க்கிற இடத்திலும் சம்பந்தி வீட்டிலும் அநாவசியப் பேச்சு கிளம்பினால், வீட்டுப் பெரியவர்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

கீழாநெல்லி கேட்குமா?

கேட்காமல் இருக்க மாட்டீர்கள் என்று தெரியும்! கீழாநெல்லியை நான் குறைத்துப் பேசவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் எஸ்.பி.தியாகராஜன் குழுவினர், நோபல் பரிசு பெற்ற ப்ளும்பர்க்கோடு சேர்ந்து கீழாநெல்லி பற்றிச் செய்த ஆராய்ச்சி, 1988-ல் 'லான்செட்' பத்திரிகையில் வெளிவந்து உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் அது ஹெபடைட்டிஸ்-பி என்ற வைரஸ் கிருமியைப் பற்றியது. பின்னால் வேறு இடங்களில் செய்த ஆராய்ச்சிகளில் அதே பலன் கிடைக்கவில்லை என்பது தனிக்கதை. நமக்கு வேண்டியது இதுதான்: மஞ்சள் காமாலை என்பது ஒரு நோய் அல்ல, பல நோய்களின் அடையாளம். வைரஸால் வந்த காமாலை பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடும். அந்த நேரத்தில் எதைக் குடித்திருந்தாலும் அதற்குப் பெயர் வந்துவிடும். நாளம் சுருங்கியதால் வந்த காமாலைக்கு இலை, வேர் எதுவும் வழி திறந்துவிடாது. கையில் சூடு போடுவது, கண்ணில் சாறு விடுவது இதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

என்னென்ன பரிசோதனை?

முதலில் வயிற்று ஸ்கேன். பித்தப்பைக் கல், நாளத்தில் கல், கட்டி இவைதான் பி.எஸ்.சி.யைவிடப் பலமடங்கு சகஜம். அவற்றை முதலில் தள்ளிப் பார்த்தாக வேண்டும். ஆனால் சாதாரண ஸ்கேனில் மணிமாலை தெரியாமல் போகலாம். "ஸ்கேன் நார்மல்" என்று அதோடு நின்றுவிடாதீர்கள். எம்.ஆர்.சி.பி. என்று காந்த ஸ்கேன் ஒன்று இருக்கிறது. ஊசி, குழாய் எதுவும் இல்லாமலே பித்தநாளங்களை மட்டும் படம் பிடித்துக் காட்டும். நோயை உறுதிசெய்வது பெரும்பாலும் அதுதான். படத்தில் தெரியாத அளவுக்கு மெல்லிய நாளங்கள் மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் ஈரலில் துளி சதை எடுத்துப் பார்ப்பார்கள்.

ரத்தத்தில் ஐஜிஜி-4 பார்க்கச் சொன்னால் செலவு பார்க்காதீர்கள். அச்சு அசலாக பி.எஸ்.சி. மாதிரியே வேஷம் போடுகிற இன்னொரு நோய் அதில் வெளிப்படும். அது ஸ்டீராய்டு மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படுகிற நோய். பி.எஸ்.சி. அப்படிக் கட்டுப்படாது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் நஷ்டம் நோயாளிக்குத்தான்.

வயிற்றுக் கோளாறே இல்லாவிட்டாலும் நோய் உறுதியானதும் ஒரு தடவை கொலோனோஸ்கோப்பி செய்வது அவசியம். குடல் அழற்சி சத்தமில்லாமல் இருக்கலாம்.

மரக்காணத்துக்காரர்கள் இதற்காக எங்கெங்கோ அலைய வேண்டியதில்லை. முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரில் ஜீரண மண்டலத்துக்கென்று மருத்துவம், அறுவை சிகிச்சை இரண்டுக்கும் தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. மரக்காணத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரப் பயணம்தான். போகும்போது பழைய ரத்தப் பரிசோதனைத் தாள் அத்தனையும் தேதி வாரியாக அடுக்கி எடுத்துப் போங்கள். இன்றைக்கு எடுத்த எண்ணைவிட, மூன்று வருஷமாக அது எப்படி ஏறி இறங்கியது என்பதுதான் டாக்டருக்கு அதிகம் பேசும்.

இரண்டு விளையாட்டு வீரர்கள்

வால்டர் பேட்டன் அமெரிக்கக் கால்பந்தில் சிகாகோ அணியின் நட்சத்திரம். உடல் வலிமைக்கே பெயர் போனவர். 1999 பிப்ரவரியில் மெலிந்துபோன முகத்தோடு பத்திரிகையாளர்கள் முன் வந்து, தனக்கு பி.எஸ்.சி. என்றும், மாற்று ஈரலுக்குக் காத்திருப்பதாகவும் சொன்னார். பித்தநாளத்தில் புற்றுநோயும் வந்திருப்பது பிறகு தெரிந்தது. அதனால் மாற்று ஈரல் வைக்க வழியில்லாமல் போயிற்று. அதே ஆண்டு நவம்பர் 1-ந்தேதி காலமானார். வயது 45.

கிறிஸ் க்ளக் அதே நாட்டின் பனிச்சறுக்கு வீரர். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் ஈரல் எண்கள் ஏறியிருந்ததைத் தொடர்ந்து அவருக்கு இதே நோய் கண்டுபிடிக்கப்பட்டது. வருஷக்கணக்கில் கண்காணிப்பு, காத்திருப்புப் பட்டியல், 2000 ஜூலையில் மாற்று ஈரல். 2002 பிப்ரவரியில் குளிர்கால ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம்! நடந்த ஊரின் பெயர் சால்ட் லேக் சிட்டி, அதாவது உப்பேரி நகரம். மரக்காணத்துக்காரர்கள் சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம்.

இவர் கவனமாக இருந்தார், அவர் இல்லை என்று நான் சொல்லவில்லை. நோய் ஒவ்வொருவரிடம் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்ளும். ஆனால் பித்தநாளப் புற்றுநோய் இந்த நோயின் மிகப்பெரிய பயம் என்பது நிஜம். வாழ்நாளில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேர் வரை வரலாம் என்கிறார்கள். அதனால்தான் உடம்பு நன்றாக இருக்கும்போதே, வருஷத்துக்கு ஒரு தடவை எம்.ஆர்.சி.பி. அல்லது ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். குடல் அழற்சியும் இருந்தால் பெருங்குடல் புற்றுநோய் அபாயமும் கூடும். அவர்களுக்கு வருஷா வருஷம் கொலோனோஸ்கோப்பி. குடல் நன்றாக இருப்பவர்களுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை. திடீரென்று எடை இறங்குவது, காமாலை வேகமாக ஏறுவது, விடாத வயிற்று வலி இவற்றுக்கு வருஷக் கணக்குப் பார்க்கக் கூடாது.

ரொம்பப் பயமுறுத்திவிட்டேனோ? இன்னொரு கணக்கையும் கேளுங்கள். நெதர்லாந்தில் ஏராளமான நோயாளிகளைப் பின்தொடர்ந்து பார்த்து 2013-ல் வெளியிட்டார்கள். நோய் கண்டுபிடித்த நாளிலிருந்து 21 ஆண்டுகள் கழிந்த பிறகும், பாதிப் பேர் மாற்று ஈரல் தேவைப்படாமலே இருந்தார்கள்.

மருந்து உண்டா?

நோயையே துடைத்தெறிகிற மருந்து இன்னும் இல்லை. "முப்பது நாளில் குணம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

அர்சோடியாக்ஸிகோலிக் அமிலம் என்ற மாத்திரையைப் பலருக்குக் கொடுக்கிறார்கள். ரத்த எண்கள் இறங்குகின்றன. ஆயுளைக் கூட்டுகிறது என்று நிரூபணம் ஆகவில்லை. கொடுக்கும்போது உடல் எடையில் கிலோவுக்கு 15 முதல் 20 மில்லிகிராம், அதாவது அறுபது கிலோ உள்ளவருக்கு 900 முதல் 1200 மில்லிகிராம் என்பது ஒரு கணக்கு. "நல்ல மாத்திரைதானே, இன்னும் ரெண்டு சேர்த்துப் போட்டா சீக்கிரம் குணமாகுமே" என்று நினைப்பது நம் ஊர்ப் பழக்கம். கிலோவுக்கு 28, 30 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சி 2009-ல் வெளிவந்தது. எண்கள் அழகாக இறங்கின, ஆனால் நோயாளிகளின் நிலை மோசமாயிற்று! டாக்டர் எழுதிய அளவுக்கு மேல் ஒரு மாத்திரையும் வேண்டாம்.

அரிப்புக்கு வழி இருக்கிறது. ராத்திரித் தூக்கம் போய், குடும்பமே எரிச்சலில் இருக்கிற வீடுகளுக்கு இது பெரிய ஆறுதல். பெஸாஃபைப்ரேட், கொலெஸ்டிரமின் பொடி, ரிஃபாம்பிசின் என்று டாக்டர் ஒன்றன் பின் ஒன்றாக முயற்சி செய்வார். கொலெஸ்டிரமின் பொடியைக் கலக்கிக் குடித்தால், மற்ற மாத்திரைகளுக்கும் அதற்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் அந்த மாத்திரைகளையும் பொடி உறிஞ்சிக்கொண்டு போய்விடும். ரிஃபாம்பிசினில் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும். நோய் முற்றிவிட்டது என்று அலறாதீர்கள். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்வது, பருத்தித் துணி, குளிர்ந்த நீரில் குளியல், குளித்ததும் எண்ணெய் இதெல்லாம் துணைக்கு.

ஏதாவது ஓர் இடத்தில் நாளம் ரொம்பவும் சுருங்கி அடைத்துக்கொண்டால், வாய் வழியாக எண்டோஸ்கோப் செலுத்தி, பலூனால் விரித்துவிடுவார்கள். இ.ஆர்.சி.பி. என்று பெயர். அதற்கு முன்பும் பின்பும் ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். தேங்கிய பித்தநீரில் கிருமி புகுந்தால் ஆபத்து என்பதால்.

அந்த ஆபத்து வீட்டில் இருக்கும்போதும் வரலாம். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், வலது விலா எலும்புக்குக் கீழே வலி, கண் மஞ்சள். இந்த மூன்றும் சேர்ந்தாலோ, பி.எஸ்.சி. என்று தெரிந்தவருக்கு நடுக்கக் காய்ச்சல் மட்டும் வந்தாலோ, மலேரியாவா எலிக்காய்ச்சலா என்று வீட்டில் பட்டிமன்றம் நடத்தாதீர்கள். கஷாயம் வைத்து விடியும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ராத்திரி இரண்டு மணியானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். புத்தி தடுமாறினாலோ ரத்த அழுத்தம் இறங்கினாலோ, ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

பத்தியம் என்ற பட்டினி

காமாலை என்றதும் எண்ணெய் கிடையாது, உப்பு கிடையாது, மீன் கிடையாது, வெறும் கஞ்சி. இது நம் வீடுகளில் எழுதப்படாத சட்டம். நாலு வாரக் காமாலைக்கே அது சரியில்லை. இருபது வருஷம் கூடவே இருக்கப்போகிற நோய்க்குக் கஞ்சிப் பத்தியம் வைத்தால் சதை கரைந்து, ஆள் பாதியாகிவிடுவார். பருப்பு, முட்டை, வேகவைத்த மீன், தயிர் எல்லாம் தாராளமாகக் கொடுங்கள். மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்தால் மட்டும் கொழுப்பைக் குறைக்கலாம், அதையும் டாக்டரைக் கேட்டு. பித்தநீர் குறைந்தால் ஏ, டி, ஈ, கே என்ற நான்கு வைட்டமின்களும் உடம்பில் சேராது. மாலைக்கண், பல் ஈறில் ரத்தம், எலும்பு வலு குறைதல் எல்லாம் அதனால்தான். மரக்காணத்து வெயிலில் நிற்கிறவருக்கு வைட்டமின் டி குறையுமா என்று சிரிக்காதீர்கள், சோதித்துப் பாருங்கள். எலும்பின் அடர்த்தியையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

உப்பை எல்லோரும் நிறுத்த வேண்டியதில்லை. சிரோஸிஸ் ஆகி வயிற்றில் நீர் கோத்தவர்கள்தான் நாளொன்றுக்கு ஒரு டீஸ்பூனுக்குள், சுமார் ஐந்து கிராமுக்குள் நிறுத்த வேண்டும். அவர்களுக்குக் கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் விரோதிகள். வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கி விழுங்குவதும் அவர்களுக்கு ஆகாது. மது எந்த நிலையிலும் வேண்டாம். ஹெபடைட்டிஸ் ஏ, பி தடுப்பூசிகளை முன்னதாகவே போட்டுக்கொள்ளலாம்.

கடற்கரைக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. சிரோஸிஸ் உள்ளவர்கள் நண்டு, இறால், மட்டி எதையும் அரைவேக்காட்டில் தொடக்கூடாது. காலில் புண்ணோடு கழுவெளி ஏரி, எடையன்திட்டு முகத்துவாரம் மாதிரியான உவர்நீரில் இறங்கவும் கூடாது. விப்ரியோ வகைக் கிருமி ஒன்று அந்த மாதிரி வெதுவெதுப்பான உவர்நீரில் வாழக்கூடியது. மற்றவர்களுக்குச் சாதாரணமாகப் போய்விடுகிற அது, ஈரல் நொந்தவர்களின் ரத்தத்தில் புகுந்தால் ஒன்றிரண்டு நாளில் உயிருக்கே உலை வைக்கும்.

மாற்று ஈரல்

ஈரல் முற்றிலும் இறுகிவிட்டால், அல்லது கிருமித் தாக்குதல் திரும்பத் திரும்ப வந்தால் மாற்று ஈரல்தான் வழி. இந்தியாவில் குழந்தைக்குச் செய்த முதல் வெற்றிகரமான ஈரல் மாற்று அறுவை சிகிச்சை நம் காஞ்சிபுரத்துக் குழந்தைக்கு நடந்ததுதான். 1998 நவம்பரில் டில்லி அப்போலோ மருத்துவமனையில், இருபது மாதக் குழந்தை சஞ்சய் கந்தசாமிக்கு அப்பாவின் ஈரலில் ஒரு பகுதியை எடுத்து வைத்தார்கள். பிறவியிலேயே பித்தநாளம் அடைபட்டுப்போன குழந்தை அது. இன்றைக்கு அவரே ஒரு டாக்டர்! (பிறந்து பதினான்கு நாள் தாண்டியும் குழந்தைக்கு மஞ்சள் தெளியாமல், மலமும் வெளுத்துப் போனால் அந்த நோயாக இருக்கலாம். இரண்டு மாதத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால்தான் பலன் அதிகம்.)

இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் உறுப்புக்குத் தமிழ்நாட்டில் வழி திறந்துவிட்டது 2008-தான். திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி அசோகனும் புஷ்பாஞ்சலியும் விபத்தில் மூளைச்சாவு அடைந்த மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தானம் செய்தார்கள். ஊரே கலங்கியது, ஊரே யோசிக்கவும் தொடங்கியது. இப்போது பதிவு, வரிசை எல்லாவற்றையும் 'டிரான்ஸ்டான்' என்ற அரசு ஆணையம் பார்த்துக்கொள்கிறது. சென்னையில் ஸ்டான்லி மருத்துவமனையிலும், ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் ஈரல் மாற்று செய்கிறார்கள். வருமான வரம்புக்குள் வருகிறவர்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இதற்கு இடம் உண்டு. தனியாரில் செய்துகொள்வதென்றால் முதல் செலவு மட்டுமல்ல, ஆயுள் முழுக்க வாங்கவேண்டிய மாத்திரைச் செலவையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாற்று ஈரல் வைத்த ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் நன்றாக இருக்கிறார்கள். சுமார் ஐந்தில் ஒருவருக்குப் புது ஈரலிலும் அதே நோய் எட்டிப்பார்க்கலாம். எனவே ரத்தப் பரிசோதனை தொடரும். குடல் அழற்சி உள்ளவர்கள் "அதான் ஈரலையே மாத்தியாச்சே" என்று கொலோனோஸ்கோப்பியை நிறுத்திவிடக் கூடாது. ஈரல்தான் புதுசு, குடல் பழைய குடல்தானே!